சொந்த நேரத்தில் எழுதினாலும் வேலை போவது ஏன்? செய்தியாளரின் வலைப்பதிவு குறித்த ஓர் எளிய விளக்கம்

ஒரு செய்தியாளர் தன் வீட்டில், தன் நேரத்தில், தன் கணினியில் எழுதிய வலைப்பதிவுக்காக வேலையை இழந்தார் என்ற செய்தி வரும்போதெல்லாம் விவாதம் இரண்டு குரல்களோடு முடிந்துவிடுகிறது. கருத்துச் சுதந்திரம் பறிபோய்விட்டது என்று ஒரு சாரார் கொதிக்கிறார்கள். சம்பளம் கொடுப்பவர் சொல்வதைக் கேட்டுத்தானே ஆக வேண்டும் என்று மறுசாரார் கேட்கிறார்கள். இரு தரப்பாரும் மனதில் பட்டதைத்தான் சொல்கிறார்கள் என்றாலும், உண்மையில் நடப்பது என்ன என்பதை இரண்டு வாதங்களுமே விளக்குவதில்லை. சட்டம், வேலை ஒப்பந்தம், தொழில் அறம், நிறுவனத்தின் வணிக நலன் ஆகிய நான்கும் இந்தச் சிக்கலுக்குள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னால் நியாயமான நடவடிக்கையையும் அநியாயமான நடவடிக்கையையும் ஒன்றாகக் கட்டிவிடுவோம். அந்தப் பிரித்தறிதலைத் தொடங்கிவைப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தே எடுத்திருக்கிறேன். வலைப்பதிவு பரவத் தொடங்கிய 2000களின் முதல் பாதியிலேயே அங்குள்ள செய்தியறைகளில் இந்த மோதல் வெளிப்பட்டுவிட்டது. பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவையும் பார்க்கலாம், ஏனெனில் அங்கே சட்டம் வேறு பாதையில் போகிறது.

## யாருக்கு எதிரான உரிமை?

அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் 1791ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. பேச்சுரிமையையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் குறைக்கும் எந்தச் சட்டத்தையும் நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்பது அதன் சாரங்களில் ஒன்று. அது கட்டிப்போடுவது அரசின் கையை மட்டுமே. அரசு ஒரு செய்தியாளரின் வலைப்பதிவை முடக்கினாலோ, எழுதியதற்காக அவரைச் சிறையில் அடைத்தாலோ அந்தத் திருத்தம் துணைக்கு வரும். ஒரு தனியார் நாளிதழின் ஆசிரியர் அதே செய்தியாளரை அறைக்குள் அழைத்து, நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று சொன்னால், அங்கே அரசு எதையும் செய்யவில்லை. ஆகவே அந்தத் திருத்தத்தைக் காட்டி வழக்குத் தொடுக்க முடியாது.

இதோடு சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டியது ‘அட்-வில்’ வேலைமுறை. வேலை கொடுத்தவரும் வேலை செய்பவரும் எந்த நேரத்திலும், காரணம் எதுவும் சொல்லாமலும்கூட, உறவை முறித்துக்கொள்ளலாம் என்பதே அதன் பொருள். இனம், மதம், பாலினம் போன்று சட்டம் வெளிப்படையாக விலக்கிய காரணங்களுக்காக மட்டும் நீக்கக் கூடாது. அமெரிக்காவின் 50 மாநிலங்களில் மொன்டானா ஒன்றுதான் 1987இல் இதற்கு மாறாகச் சட்டம் இயற்றி, தகுதிகாண் காலத்தைக் கடந்த ஊழியரைத் தக்க காரணமின்றி நீக்கக் கூடாது என்று வைத்தது. மற்ற மாநிலங்களில் செய்தியாளருக்கு இருக்கும் பெரிய அரண் தொழிற்சங்க ஒப்பந்தமே. சங்கம் உள்ள செய்தியறையில் ‘நியாயமான காரணம்’ காட்டினால்தான் நீக்கலாம் என்ற விதி பொதுவாக ஒப்பந்தத்தில் இருக்கும். காரணம் நியாயமானதா என்பதை இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட மத்தியஸ்தர் முடிவு செய்வார். சங்கம் இல்லாத சிறு நாளிதழில் இருபது ஆண்டுகள் பணியாற்றியவருக்கும் அந்த அரண் கிடையாது.

ஆக, பேச்சுரிமை என்பது அரசுக்கு எதிராக நம் கையில் இருக்கும் கருவி. முதலாளிக்கு எதிராக வேண்டுமானால் ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட விதியோ தனிச் சட்டமோ தேவை.

## நடுவரின் ஞாயிற்றுக்கிழமை

சட்டப்படி நீக்கலாம் என்பதால் நீக்குவது சரியாகிவிடாது. நிறுவனங்கள் சொல்லும் காரணங்களில் மிக வலுவானதை ஓர் ஒப்புமை வழியாகப் பார்க்கலாம். மாவட்டக் கபடிப் போட்டியில் நடுவராக இருக்கும் ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள். அன்று நடக்கும் ஆட்டத்துக்குப் பார்வையாளராகப் போகிறவர், ஓர் அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு கூட்டத்தின் நடுவே நின்று கொடி அசைக்கிறார். யாருக்கும் அவர் தீங்கு செய்யவில்லை. ஆனால் புதன்கிழமை அதே அணி ஆடும்போது, பாடிச் சென்றவரின் கால் கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று அவர்தான் முடிவு சொல்ல வேண்டும். அவர் சொல்லும் முடிவு நூற்றுக்கு நூறு சரியாக இருந்தாலும் எதிரணி அதை ஏற்றுக்கொள்ளுமா? அவருடைய பார்வையில் எந்தக் குறையும் வரவில்லை. அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பில்தான் வந்துவிட்டது.

ஊடக அறத்தில் இதற்கு ‘நலன் முரண்’ என்று பெயர். ஒருவருடைய தனிப்பட்ட விருப்பமோ ஆதாயமோ அவர் ஏற்றுக்கொண்ட கடமையோடு மோதும் நிலை அது. இதில் இரண்டு படிகள் உண்டு. உண்மையிலேயே ஒருபக்கம் சாய்ந்து செய்தி எழுதுவது முதல் படி. சாயாமலே இருந்தும், சாய்ந்திருப்பார் என்று படிப்பவர் நினைக்க இடம் கொடுப்பது இரண்டாவது. வலைப்பதிவு வழக்குகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது படியில் எழுந்தவை. அதனால்தான், நான் எழுதிய செய்தியில் ஒரு வரியாவது ஒருதலைப்பட்சமாக இருந்ததா என்று செய்தியாளர் கேட்கும் கேள்வி நியாயமானதாக இருந்தும் வழக்கைத் தீர்ப்பதில்லை.

நியூயார்க் டைம்ஸ் தன் ஊழியர்களுக்கான அறநெறிக் கையேட்டில் வலைப்பதிவுகளுக்கென்று தனிப் பகுதியே வைத்தது. உணவு, இசை, விளையாட்டு போன்ற தன் பொழுதுபோக்குகளைப் பற்றி ஊழியர் சுவைபட எழுதலாம். மக்களைப் பிளக்கும் பொதுப் பிரச்சினைகளில் நிலைப்பாடு எடுக்கக் கூடாது. கருக்கலைப்பு குறித்து ஆவேசமாகப் பேசும் சொந்தப் பக்கம் ஒன்றை நடத்துவது, அதே விஷயத்துக்காக ஊர்வலம் போவதற்குச் சமம் என்று அது சொன்னது. கோடு எங்கே என்பதை முன்கூட்டியே, எடுத்துக்காட்டோடு சொல்லிவிடுவது நல்ல வழி என்றே கருதுகிறேன். ஆனால் ‘மக்களைப் பிளக்கும் பிரச்சினை’ எது என்று தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வி அதிலும் மீந்து நிற்கிறது. தன் உயிரையும் உரிமையையும் நேரடியாகத் தொடும் விஷயம் ஒரு சிறுபான்மைச் செய்தியாளருக்குப் ‘பிரச்சினை’யாக இருப்பதில்லை, அது அவருடைய அன்றாட வாழ்க்கை.

## ஹூஸ்டனும் ஹார்ட்ஃபர்டும்

இனி இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒரே வகைக் குற்றச்சாட்டு என்று இவை பல இடங்களில் சேர்த்தே பேசப்படுகின்றன. எனக்கு இவை எதிரெதிர் துருவங்களாகவே தெரிகின்றன.

டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் க்ரானிக்கிள் நாளிதழில் ஸ்டீவ் ஓலஃப்சன் என்ற செய்தியாளர் பிரசோரியா கவுண்டியின் செய்திகளைக் கவனித்துவந்தார். அதே வட்டாரத்தைப் பற்றி, ‘பான்ஜோ ஜோன்ஸ்’ என்ற புனைபெயரில், ‘தி பிரசோஸ்போர்ட் நியூஸ்’ என்றொரு வலைப்பதிவையும் நடத்தினார். உள்ளூர் அரசியல்வாதிகள், உள்ளூர் ஊடகங்கள் என்று யாரையும் விட்டுவைக்காத கிண்டல் அதில் இருந்தது. எழுதுபவர் யார் என்று தெரியவந்ததும் 2002இல் நாளிதழ் அவரை நீக்கியது.

இதை அந்த வட்டாரத்து அரசியல்வாதி ஒருவரின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். பகலில் தொலைபேசியில் கேள்வி கேட்பவர் ஹூஸ்டன் க்ரானிக்கிளின் செய்தியாளர். அவர் நடுநிலையாக எழுதுவார் என்ற நம்பிக்கையில் பதில் சொல்கிறார். இரவில் தன்னை எள்ளி நகையாடும் பக்கத்தை எழுதுபவரும் அதே மனிதர்தான் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பதில் சொல்லியிருப்பாரா, எவ்வளவு சொல்லியிருப்பார் என்பதை முடிவு செய்யும் வாய்ப்பே அவருக்குத் தரப்படவில்லை. படிக்கும் மக்களுக்கும் இதே நிலைதான். செய்தி சேகரிக்கும் களமும் கிண்டல் செய்யும் களமும் ஒன்றாக இருந்ததும், அது மறைக்கப்பட்டிருந்ததும் சேர்ந்து நாளிதழுக்கு உண்மையான ஒரு காரணத்தைக் கொடுத்தன. ஓலஃப்சனின் எழுத்து ரசிக்கத்தக்கதாக இருந்திருக்கலாம். அது இந்தக் கேள்விக்குப் பதிலாகாது. அவரை வேறு வட்டாரத்துக்கு மாற்றியிருக்கலாமே என்று வாதிடுபவர்களோடு தண்டனையின் அளவைப் பொறுத்தவரை நானும் உடன்படுவேன்.

கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபர்ட் கூரன்ட் நாளிதழில் நடந்தது வேறு. டெனிஸ் ஹோர்கன் அங்கே நெடுங்காலம் பத்தி எழுதியவர். பத்தி நிறுத்தப்பட்டு, அவர் பயணப் பகுதியின் ஆசிரியராக மாற்றப்பட்டார். கருத்து எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? சொந்தப் பெயரில், சொந்தத் தளத்தில், பணி நேரத்துக்கு வெளியே பத்திகளை எழுதத் தொடங்கினார். 2003 ஏப்ரலில் நாளிதழின் ஆசிரியர் பிரையன் டூலன் அந்தக் கருத்துப் பத்திகளை நிறுத்தச் சொன்னார். ஹோர்கனுக்கு இருக்கும் பெயரெல்லாம் நாளிதழால் வந்தது; நாளிதழ் செய்தி சேகரிக்க வேண்டிய அமைப்புகளைப் பற்றியே நாளிதழின் மேற்பார்வை இல்லாமல் அவர் கருத்து எழுதுகிறார்; இது நாளிதழைப் பலவீனப்படுத்தும் என்பது டூலன் முன்வைத்த காரணம். ஹோர்கன் வேலையைத் தக்கவைத்துக்கொண்டார். தளத்தில் எழுதுவதை நிறுத்தினார்.

இங்கே மறைவு எதுவும் இல்லை. பயணக் கட்டுரைகளைத் தொகுக்கும் ஒருவர் மாநில அரசியல் குறித்துக் கருத்துச் சொல்வதால் அவருடைய பயணப் பக்கத்தின் நம்பகத்தன்மை எப்படிக் குறையும்? அவர் சில மாதங்களுக்கு முன்புவரை அதே நாளிதழில் அதே வகைக் கருத்துகளை எழுதிச் சம்பளம் வாங்கியவர். அப்போது நாளிதழின் நடுநிலைக்கு ஊறு நேரவில்லை. ஓர் ஊழியரின் பெயர் முழுக்க நிறுவனத்தின் உடைமை என்ற எண்ணம்தான் டூலனின் வாதத்துக்கு அடியில் இருக்கிறது. அதை ஏற்றுக்கொண்டால் ஒரு செய்தியாளர் பணியில் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கென்று சொந்தமாக ஒரு குரல் மிஞ்சாது. இந்த நடவடிக்கை தவறானது என்பதே என் முடிவு.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் தெளிவாகின்றன. எழுதிய விஷயம் அவர் செய்தி சேகரிக்கும் களத்துக்கு எவ்வளவு நெருக்கமானது? எழுதுபவர் யார் என்பது படிப்பவருக்கும் செய்தி தருபவருக்கும் தெரியுமா? ‘சொந்த நேரம்’ என்ற வாதம் இந்த இரண்டுக்கும் பிறகுதான் வர வேண்டும்.

## நேரமும் எழுத்தும் யாருக்குச் சொந்தம்?

நடுநிலையைக் காரணம் காட்டாமல், ‘நீ எங்களுக்கு மட்டும்தான் எழுத வேண்டும்’ என்று சொல்லும் வகை இன்னொன்று. இதைப் பிரத்யேகப் பணி விதி என்று சொல்லலாம்: ஊழியர் அனுமதி பெறாமல் வேறு எங்கும் தன் தொழில் சார்ந்த படைப்பை வெளியிடக் கூடாது என்ற ஒப்பந்த நிபந்தனை.

2003 மார்ச்சில் ஈராக் போர் தொடங்கியபோது சிஎன்என் தொலைக்காட்சியின் செய்தியாளர் கெவின் சைட்ஸ் வடக்கு ஈராக்கில் இருந்தார். தான் பார்ப்பதையும் படம் பிடிப்பதையும் சொந்த வலைப்பதிவிலும் எழுதிவந்தார். சிஎன்என் அதை நிறுத்தி வைக்கச் சொன்னது. நிறுவனத்துக்காகச் செய்தி சேகரிப்பது முழுநேரப் பணி என்பது அதன் நிலை. அதே காலத்தில், டைம் வார இதழுக்காக வடக்கு ஈராக்கிலிருந்து எழுதிய ஜோஷுவா குசேராவுக்கும் வலைப்பதிவை நிறுத்துமாறு சொல்லப்பட்டது. அவரோ நிரந்தர ஊழியர்கூட இல்லை, தனித்தியங்கும் செய்தியாளர். மாதச் சம்பளமும் பாதுகாப்பும் தராத நிறுவனம் முழு உரிமையை மட்டும் கேட்பது எப்படிப் பொருந்தும் என்று எனக்கு விளங்கவில்லை.

சைட்ஸ் விஷயத்தில் சிஎன்என்னின் வாதத்தை அப்படியே தள்ளிவிட முடியாது. அவரை அந்த இடத்துக்கு அனுப்பிச் செலவு செய்தது நிறுவனம். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டமும், ஓர் ஊழியர் தன் பணியின் எல்லைக்குள் உருவாக்குவது நிறுவனத்துக்கே உரியது என்கிறது. போர்முனையில் பணி எங்கே முடிந்து சொந்த நேரம் எங்கே தொடங்குகிறது? ஆனால் இதன் மறுபக்கம் அடுத்த ஆண்டே தெரிந்தது. 2004 நவம்பரில் சைட்ஸ் என்பிசி தொலைக்காட்சிக்காக ஃபலூஜாவில் இருந்தபோது, மசூதி ஒன்றுக்குள் காயமுற்றுக் கிடந்தவரை அமெரிக்கப் படைவீரர் ஒருவர் சுட்டுக் கொன்றதைப் படம் பிடித்தார். சைட்ஸ்மீது பெரும் வசைமழை பொழிந்தது. அப்போது தன் வலைப்பதிவில், அந்தப் படைப்பிரிவினருக்கு எழுதும் திறந்த கடிதமாக, தான் கண்டதையும் அதை ஏன் வெளியிட வேண்டியிருந்தது என்பதையும் நிதானமாக விளக்கினார். தொலைக்காட்சியின் சில நிமிடச் செய்திக்குள் அடங்காத விளக்கம் அது. ஒரு நிறுவனம் நிறுத்தச் சொன்ன அதே வலைப்பதிவு, செய்தியின்மீதான நம்பிக்கையைக் காக்கும் இடமாக ஆனது. தனிப்பட்ட எழுத்தால் நம்பகத்தன்மைக்குக் கேடுதான் வரும் என்று எண்ணுபவர்கள் இந்த நிகழ்வைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

2008 பிப்ரவரியில் சிஎன்என்னின் காலைச் செய்தி நிகழ்ச்சியில் தயாரிப்பாளராக இருந்த செஸ் பசியென்சா நீக்கப்பட்டார். அவர் திரையில் தோன்றுபவர் அல்லர். மூளைக் கட்டிக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டபின் 2006இல் வலைப்பதிவு எழுதத் தொடங்கியவர். அரசியலும் ஊடக விமர்சனமும் அதில் கூர்மையாக இருந்தன. அனுமதியின்றி வெளியே எழுதினார் என்பது நிறுவனம் சொன்ன காரணம். எழுதியவற்றின் தன்மையும் காரணம் என்று தன்னிடம் சொல்லப்பட்டதாக அவர் பின்னர் எழுதினார். இந்த இரண்டும் வெவ்வேறு காரணங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அனுமதி கேட்கவில்லை என்பது நடைமுறைப் பிழை, எச்சரிக்கையோடு முடிந்திருக்கலாம். எழுத்தின் தன்மை பிடிக்கவில்லை என்பது கருத்தைப் பற்றிய தீர்ப்பு. முன்னதைச் சொல்லிப் பின்னதற்காக நீக்கும்போது, என்ன எழுதினால் ஆபத்து என்று மற்ற ஊழியர்களுக்கும் தெரியாமல் போகிறது. தெரியாதபோது எதையும் எழுதாமல் இருந்துவிடுகிறார்கள்.

## அலுவலகக் குறைகளும் புனைபெயரும்

வட கரோலினா மாநிலத்தின் டர்ஹம் நகர நாளிதழ் ஒன்றின் செய்தியாளர் 2004இல் நீக்கப்பட்டார். அவர் வலைப்பதிவில் தன் பெயர் இல்லை, நாளிதழின் பெயர் இல்லை, ஊர் இல்லை, சக ஊழியர் எவருடைய பெயரும் இல்லை. அலுவலகத்தின் மீதான சலிப்பைக் கொட்டி எழுதியிருந்தார். எழுதுபவர் யார் என்பது உடன் பணியாற்றியவர்களுக்கும் மேலதிகாரிக்கும் தெரிந்திருந்தது. அப்படி ஒரு பதிவு வெளியான மறுநாளே வேலை போனது.

புனைபெயர் வாசகரிடமிருந்து மறைக்கும். பக்கத்து மேசையில் இருப்பவரிடமிருந்து மறைக்காது. எழுத்து நடை, விடுப்பு எடுத்த நாள், மேலாளர் வழக்கமாகச் சொல்லும் ஒரு சொல் என்று ஏதாவது ஒன்று காட்டிக்கொடுத்துவிடும். சட்டப்படியும் புனைபெயர் தனிப் பாதுகாப்பு எதையும் தருவதில்லை. செய்தியாளர்களைப் பொறுத்தவரை அது நிலைமையை மோசமாக்கவும் கூடும், ஏனெனில் ‘மறைத்தார்’ என்ற குற்றச்சாட்டு தனியே சேர்ந்துகொள்கிறது.

பின்னாளில் வலைப்பதிவின் இடத்தைச் சமூக ஊடகம் பிடித்தது. 2010 ஜூலையில் சிஎன்என்னில் இருபது ஆண்டுகள் பணியாற்றிய மத்தியக் கிழக்கு விவகார ஆசிரியர் ஒக்டேவியா நாஸர், லெபனானின் ஷியா மதகுரு ஃபத்லல்லா இறந்தபோது மரியாதை தெரிவித்து ட்விட்டரில் ஒரே ஒரு வரி எழுதியதற்காக வேலையை இழந்தார். பெண்கள் உரிமையில் அந்த மதகுரு எடுத்த நிலைப்பாட்டையே தான் மனதில் வைத்து எழுதியதாக அவர் பிறகு நீண்ட விளக்கம் தந்தும் பயனில்லை. எழுதும் இடம் சுருங்கச் சுருங்க, விளக்கத்துக்கு இடமின்றி வேலை போகும் ஆபத்து கூடியிருக்கிறது.

## சட்டம் எங்கே துணை நிற்கிறது, எங்கே விலகுகிறது

பணி நேரத்துக்கு வெளியே ஊழியர் செய்பவற்றைக் காக்கும் தனிச் சட்டங்கள் சில அமெரிக்க மாநிலங்களில் உண்டு. நியூயார்க்கில் தொழிலாளர் சட்டத்தின் 201-டி பிரிவு, பணிக்கு வெளியே செய்யும் சட்டபூர்வமான அரசியல் செயல்பாடுகளுக்காகவும் பொழுதுபோக்குகளுக்காகவும் ஊழியரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. ஆனால் அரசியல் செயல்பாட்டுக்கான பாதுகாப்பு தொழில்முறைச் செய்தியாளர்களுக்குப் பொருந்தாது என்று அந்தப் பிரிவே விலக்கு அளிக்கிறது. யார் செய்தியாளர் என்பதற்கு, செய்தி கொடுத்தவரின் பெயரை வெளியிடாமல் காக்கும் உரிமையைத் தரும் வேறொரு சட்டத்தின் வரையறையையே அது எடுத்துக்கொள்கிறது. கொலராடோவின் சட்டம் இன்னும் விரிவானது. பணிக்கு வெளியே செய்யும் சட்டபூர்வமான எதற்காகவும் நீக்கக் கூடாது என்கிறது. அங்கும் நலன் முரணையோ அதன் தோற்றத்தையோ தவிர்க்கத் தேவைப்பட்டால் விதிவிலக்கு உண்டு. செய்தியறைகள் நுழைந்துவிட அந்த விதிவிலக்கே போதும்.

இந்த விஷயத்தின் ஆழத்தைக் காட்டும் வழக்கு வாஷிங்டன் மாநிலத்தில் நடந்தது. டகோமா நகரின் நியூஸ் ட்ரிப்யூன் நாளிதழில் கல்விச் செய்திகளை எழுதிவந்த சாண்டி நெல்சன், பணி நேரத்துக்கு வெளியே, ஓரினச் சேர்க்கையாளர்களைப் பாகுபாட்டிலிருந்து காக்கும் நகரச் சட்டத்துக்காகப் பிரச்சாரம் செய்தார். 1990இல் நாளிதழ் அவரைச் செய்தி சேகரிப்பிலிருந்து விலக்கி, பிரதி திருத்தும் மேசைக்கு மாற்றியது. ஊழியரின் அரசியல் நிலைப்பாட்டுக்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்ற மாநிலச் சட்டத்தைக் காட்டி அவர் வழக்குத் தொடுத்தார். 1997இல் மாநில உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. அந்தச் சட்டம் செய்தியாளரையும் காக்கிறது என்பது ஒன்று. ஆனால் தன் பக்கங்களின் நம்பகத்தன்மையைக் காக்க யாரை எழுதவைப்பது என்று முடிவு செய்வது நாளிதழின் பத்திரிகைச் சுதந்திரம் என்பதால், அதை இந்த நாளிதழின்மீது செயல்படுத்தினால் முதல் திருத்தத்துக்கு முரணாகும் என்பது மற்றொன்று. நெல்சன் தோற்றார். ‘முதல் திருத்தம் செய்தியாளரைக் காக்கும்’ என்று நம்புபவர்கள் அறிய வேண்டியது இதுதான்: இந்த வழக்கில் அது காத்தது பத்திரிகையின் உரிமையாளரை.

சற்றே துணை நிற்கும் சட்டம் 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம். அதன் 7ஆம் பிரிவு ஊழியர்களின் ‘கூட்டுச் செயல்பாட்டை’, அதாவது சம்பளம், பணிச்சூழல் குறித்து ஊழியர்கள் சேர்ந்தோ மற்றவர் சார்பாகவோ பேசுவதைக் காக்கிறது. சங்கம் இல்லாத இடத்துக்கும் இது பொருந்தும். தனி மனிதரின் புலம்பலுக்குப் பொருந்தாது. அரிசோனா டெய்லி ஸ்டார் நாளிதழ் தன் செய்தியாளர்களை ட்விட்டரில் எழுதுமாறு ஊக்குவித்தது. டூசான் நகரின் குற்றச் செய்திகளைக் கவனித்த ஒருவர், தன் நாளிதழின் தலைப்பு எழுதுபவர்களைச் சீண்டி எழுதினார்; எச்சரிக்கப்பட்டார். பிறகு, இரவில் ஒரு கொலைகூட நடக்கவில்லையே, டூசான் சோம்பிவிட்டதே என்ற பொருளில் எழுதினார். 2010இல் நீக்கப்பட்டார். தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் ஆலோசனைப் பிரிவு 2011இல் நீக்கம் சட்டத்துக்கு உட்பட்டதே என்றது, ஏனெனில் அந்தப் பதிவுகளுக்கும் பணிச்சூழலுக்கும் தொடர்பில்லை, சக ஊழியர் யாரும் அதில் சேரவும் இல்லை.

சுருங்கச் சொன்னால், பொதுவான ஊழியர் பாதுகாப்புகள் செய்தியாளரிடம் வரும்போது விதிவிலக்குகளால் மெலிகின்றன. சக ஊழியரோடு சேர்ந்து சம்பளம், வேலைநேரம் பற்றி எழுதுவதுதான் ஓரளவு உறுதியான நிலம்.

## ஆஸ்திரேலியா காட்டும் வேறு வழி

ஆஸ்திரேலியாவின் 2009ஆம் ஆண்டு ஃபேர் வொர்க் சட்டத்தின் 772ஆம் பிரிவு, அரசியல் கருத்துக்காக ஒருவரைப் பணியிலிருந்து நீக்குவதைத் தடை செய்கிறது. எஸ்பிஎஸ் ஒலிபரப்பு நிறுவனத்தின் விளையாட்டுச் செய்தியாளர் ஸ்காட் மக்இன்டயர், 2015இல், போரில் இறந்த வீரர்களை நினைவுகூரும் அன்சாக் நாளன்று, போர்க் கொண்டாட்டத்தைக் கண்டித்து ட்விட்டரில் எழுதியதற்காக நீக்கப்பட்டு, இந்தப் பிரிவின் கீழ் வழக்குத் தொடுத்தார். அது சமரசத்தில் முடிந்தது.

நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது அன்டோனெட் லட்டூஃப் வழக்கு. 2023 டிசம்பரில் ஏபிசி நிறுவனத்தின் சிட்னி வானொலியில் ஐந்து நாள் தற்காலிகத் தொகுப்பாளராக அவர் அமர்த்தப்பட்டார். காசாவில் பட்டினி போர்க் கருவியாகப் பயன்படுத்தப்படுகிறது என்ற ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பின் பதிவை இன்ஸ்டாகிராமில் பகிர்ந்தார். மூன்று நாள் பணி முடிந்த நிலையில் மீதி இரண்டு நாள் வர வேண்டாம் என்று சொல்லப்பட்டது. 2025 ஜூனில் கூட்டாட்சி நீதிமன்றம், அவருடைய அரசியல் கருத்தும் நீக்கத்துக்குக் காரணமாக இருந்தது, ஆகவே அது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்து 70,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது. பின்னர் அபராதமும் விதித்தது. இந்த வழக்கில் முக்கியமானது ஒரு நுணுக்கம்: அவருக்கு எதுவும் பகிரக் கூடாது என்ற உத்தரவு தரப்பட்டதாக நிறுவனம் சொன்னது. தரப்பட்டது அறிவுரைதான், உத்தரவு அல்ல என்று நீதிமன்றம் கண்டது. போகிற போக்கில் வாய்வழியாகச் சொன்ன ஒன்றை விதியாகக் காட்டி ஒருவரின் பிழைப்பைப் பறிக்க முடியாது என்பது இதனால் பதிவானது. அமெரிக்கச் செய்தியறைகளில் நடந்தவற்றுள் பாதியை இந்த அளவுகோலை வைத்தே மறுபரிசீலனை செய்யலாம்.

## எழுதத் தொடங்கும் முன்

சொந்தமாக எழுத விரும்பும் செய்தியாளர் முதலில் பார்க்க வேண்டியது பணி நியமனக் கடிதமும் ஊழியர் கையேடும். வெளியே எழுத அனுமதி தேவையா, யாரிடம் கேட்க வேண்டும், ‘வெளியே’ என்பதில் இலவசமாக எழுதுவதும் அடங்குமா என்பவை அங்கே இருக்கும் அல்லது இருக்காது. இல்லாவிட்டால் கேட்டு எழுத்தில் பெற வேண்டும். செய்தியாசிரியர் நடைவழியில் தலையசைத்துச் சொன்ன சம்மதம், அவர் வேறு நிறுவனத்துக்குப் போனதும் காணாமல் போய்விடும். தான் கவனிக்கும் களத்தைப் பற்றியும் அதில் இருக்கும் மனிதர்களைப் பற்றியும் எழுதாமல் விலகியிருப்பது ஓலஃப்சனுக்கு நேர்ந்ததைப் பெரும்பாலும் தவிர்க்கும். அலுவலகக் கணினியையும் அலுவலகத்தில் கிடைத்த குறிப்புகளையும் பயன்படுத்தாமல் இருந்தால் பதிப்புரிமைத் தகராறு எழாது.

அனுமதி தரும் மின்னஞ்சல் வந்ததும் அதன் நகலை எடுத்து வெளியே, சொந்தப் பொறுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். வேலை நீக்கம் நடக்கும் நாளில் முதலில் மூடப்படுவது அலுவலக மின்னஞ்சல் கணக்குதான்.